ஐந்து மணிக்குப் பின் வந்த உறை

அத்தியாயம் 9

இரண்டரை மாதமாக நகசாக்கோ தபால் நிலையத்தில் தினமும் ஒரு கூத்து நடக்கிறது. தம்பி வந்து, "அவர்கிட்ட சொல்லுங்க அண்ணி" என்பான். நாலடி தள்ளி உட்கார்ந்திருக்கும் அண்ணன், "அவன்கிட்ட சொல்லு மினெகோ" என்பார். இரண்டு பேருக்கும் காது நன்றாகவே கேட்கும். ஆனாலும் நடுவில் மினெகோ நின்று அதையே திருப்பிச் சொல்லியாக வேண்டும்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு நிமிஷம் பின்னால் போய்விட்டு வருவோம். நிஷிமொரி குடும்பத்தில் மூத்தவர் கியோதகா, இந்த மலையூரின் போஸ்ட்மாஸ்டர். அவருக்கு முன்னால் அவர் அப்பா, அதற்கும் முன்னால் தாத்தா. வீடும் தபால் நிலையமும் ஒரே கூரைக்குக் கீழே. சமையலறைக் கதவைத் திறந்தால் கவுண்டர். அங்கே கியோதகாவின் மனைவி மினெகோதான் குமாஸ்தா.

தம்பி ஷிகேகி இதே தபால் நிலையத்தில் இருபது வருஷம் தற்காலிகத் தபால்காரனாகப் பை சுமந்தவன். போன ஜூலை கடைசி வெள்ளிக்கிழமை, கெடு முடியும் நாளில், நிரந்தர வேலைக்கான விண்ணப்பத்தை ஜன்னலில் நீட்டினான். வயது வரம்பில் அவனுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. அப்போது மணி ஐந்து மூன்று. மலை மேலே இருக்கும் மேல்சாக்கோ வரை நடந்து தபால் கொடுத்துவிட்டு வந்ததில்தான் அந்தத் தாமதம். "ஜன்னல் மூடியாச்சு" என்றார் அண்ணன். மூன்றே நிமிஷம்!

மறுவாரமே ஷிகேகி மிசாகோ பார்சல் கம்பெனியின் பச்சைச் சட்டையை மாட்டிக்கொண்டான். "இனிமே என் வீட்டுக் கடுதாசி ஒண்ணுகூட உங்க ஜன்னலைத் தாண்டாது" என்று ஊரே கேட்கக் கத்திவிட்டுப் போனான். அது அவன் அண்ணனிடம் நேராகச் சொன்ன கடைசி வார்த்தை.

இன்று அக்டோபர் பதினாலு, வெள்ளிக்கிழமை.

காலை எட்டரைக்குக் கியோதகா தேதி முத்திரையைத் திறந்தார். சின்ன இடுக்கியால் நேற்றைய எண்ணை எடுத்துவிட்டு இன்றைய எண்ணைப் பொருத்தினார். பதிவேட்டில் ஒரு முறை அழுத்தி, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். வட்டத்துக்குள் தேதி பளிச்சென்று விழுந்திருந்தது. இருபத்தாறு வருஷத்தில் ஒரு நாள்கூட அவர் இதை வேறு யாரிடமும் விட்டதில்லை.

"இன்னைக்கு ஓட்டெடுப்பு. கவுண்டர் டிவியைப் போடாதே" என்றார்.

"போடலேன்னா மட்டும் ஓட்டுப் போடாம இருந்துடுவாங்களா?" என்றாள் மினெகோ.

தோக்கியோவில் இன்று மேலவையில் தபால் துறையைத் தனியாருக்கு மாற்றும் மசோதா வருகிறது. ஆகஸ்டில் தோற்ற அதே மசோதா, தேர்தல் முடிந்து திரும்ப வருகிறது. நிறைவேறினால் இரண்டு வருஷத்தில் அமலுக்கு வரும். இந்த முறை ஜெயித்துவிடும் என்று எல்லோருக்கும் தெரியும். கியோதகா காலைச் சோற்றில் பாதியை அப்படியே வைத்துவிட்டு எழுந்ததை மினெகோ பார்த்திருந்தாள்.

இன்னொரு விஷயமும் இன்றோடு முடிகிறது. அது அயானோவின் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு விண்ணப்பம்.

அயானோ ஷிகேகியின் ஒரே மகள். வயது பத்தொன்பது. போன வருஷம் கொஞ்ச மார்க்கில் கோட்டை விட்டுவிட்டு, ஒரு வருஷமாக வீட்டிலிருந்தே படிக்கிறாள். ஒவ்வொரு புயலுக்கும் இந்த மலை ஏன் சரிகிறது என்று படிக்க வேண்டுமாம் அவளுக்கு. இந்தத் தடவையும் போனால் டவுன் சூப்பர் மார்க்கெட்டில் வேலைக்குச் சேர்த்துவிடுவேன் என்று ஷிகேகி சொல்லியாகிவிட்டது. பள்ளியில் படிக்கிற பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமே அனுப்பிவிடும். இவள்தான் தானே அனுப்ப வேண்டும். பதிவுத் தபாலில், உறை மேல் இன்றைய தேதி முத்திரை விழுந்தாக வேண்டும்.

"புதன்கிழமையே அப்பா கையில கொடுத்துட்டேன் பெரியம்மா" என்று அவள் சொல்லியிருந்தாள். ஷிகேகி டவுன் தபால் நிலையத்தில் போட்டிருப்பான் என்று மினெகோ நிம்மதியாக இருந்தாள்.

ஒன்றரை மணிக்குப் பச்சை வேன் வந்து நின்றது.

மிசாகோ கம்பெனி அணைக்குக் கீழே இருக்கும் ஊர்களுக்கெல்லாம் தானே போகும். நகசாக்கோ வரைக்கும் வரும். அதற்கு மேலே, ஒன்பது வீடு மட்டும் இருக்கிற மேல்சாக்கோவுக்குப் போகாது. கட்டுப்படியாகாதாம். அந்தப் பெட்டிகளைக் கொண்டுவந்து தபால் நிலையத்தில் ஸ்டாம்பு ஒட்டிப் போட்டுவிட்டுப் போகும். அதனால் அண்ணன் முகத்தில் முழிக்க மாட்டேன் என்று சபதம் போட்ட தம்பி தினமும் அண்ணன் ஜன்னலுக்கே வர வேண்டியிருந்தது. விதியைப் பாருங்கள்!

"ஆறு பெட்டி அண்ணி. எல்லாம் மேல்சாக்கோ."

பெஞ்சில் ஒகாபயாஷி கிழவர் உட்கார்ந்திருந்தார். யுசு எலுமிச்சைத் தோட்டக்காரர். சேமிப்புக் கணக்கில் பணம் போட வந்தவர் ஒரு மணி நேரமாகப் போகாமல், காதில் சின்ன ரேடியோவோடு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"வந்துட்டாருய்யா பெரிய கம்பெனிக்காரர்!" என்றார். "ஏம்ப்பா ஷிகேகி, உங்க வேனுக்கு மேடு ஏற மூச்சு வாங்குதோ?"

"வேனுக்கு இல்ல ஒகாபயாஷி-சான், கம்பெனிக்கு."

"அவன்கிட்ட சொல்லு மினெகோ" என்றார் கியோதகா, ரசீதிலிருந்து தலையைத் தூக்காமல். "சதையை அவன் கம்பெனி தின்னுட்டு எலும்பை இங்க கொண்டாந்து போடுது."

"அவர்கிட்ட சொல்லுங்க அண்ணி. நாங்க காசு கொடுத்துத்தான் போடறோம். ஜனங்க வரிப்பணத்துல உக்காந்து சாப்பிடல."

கியோதகாவின் பேனா நின்றது. இந்த ஒரு வார்த்தையை மட்டும் அவரால் தாங்க முடியாது.

"வரிப்பணமா? அவன்கிட்ட கேளு. இருபது வருஷம் சம்பளம் வாங்கினானே, அதுல ஒரு யென் வரிப்பணம் இருந்துச்சா? ஸ்டாம்பு வித்த காசு, ஜனங்க போட்டு வச்ச சேமிப்பு, இன்ஷூரன்ஸ். அதுலதான் இந்த ஜன்னல் ஓடுது. எம்பது யென் ஸ்டாம்பு ஒட்டின கடுதாசியை மேல்சாக்கோவுக்குச் சுமந்துட்டுப் போக என்ன செலவாகும்னு அவனை விட யாருக்குத் தெரியும்? அந்த நஷ்டத்தை இந்த ஒகாபயாஷி-சானோட சேமிப்புக் கணக்குதான் தாங்குது. நாளைக்குத் தபால் தனி, சேமிப்பு தனின்னு வெட்டிப் போட்டுட்டா, எந்தக் கம்பெனி மேடு ஏறுதுன்னு பாத்துடுவோம்."

"நான் தாங்கறேனா? இது தெரியாம போச்சே. அப்ப வட்டியைக் கொஞ்சம் கூட்டிக் கொடுங்க" என்றார் கிழவர்.

ஷிகேகிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தராசில் வைத்தான். அப்போதுதான் கிழவர் ரேடியோவைக் காதோடு அழுத்தினார்.

"போச்சு" என்றார். "நிறைவேத்திட்டாங்க."

கியோதகா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து உள்ளே போனார். குழாயைத் திறந்துவிடும் சத்தம் கேட்டது. ஷிகேகியின் முகத்திலும் சந்தோஷம் இல்லை. அவன் அவசர அவசரமாகக் கடைசிப் பெட்டியைத் தூக்கினான். அதன் அடியில் ஒட்டிக்கொண்டு வந்த ஒரு பெரிய உறை கவுண்டரில் விழுந்தது.

அவன் வெடுக்கென்று பிடுங்கினான். ஆனால் மினெகோ பார்த்துவிட்டாள். தேர்வு அலுவலக முகவரி அச்சடித்த உறை. அதன் மேல் மிசாகோவின் பச்சைச் சீட்டு. அந்தச் சீட்டின் மேலேயே சிவப்பில், 'ஏற்கப்படவில்லை, திருப்பி அனுப்பப்படுகிறது.' அனுப்புநர், நிஷிமொரி அயானோ.

மினெகோ வீட்டுச் செருப்பைக்கூட மாற்றாமல் அவன் பின்னால் ஓடினாள்.

"ஷிகேகி! நில்லு! என்னடா அது?"

அவன் வேன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். மழை தூறத் தொடங்கியிருந்தது.

"இன்னைக்குக் காலையில என் லோடுலயே வந்துச்சு அண்ணி. என் வீட்டு அட்ரஸுக்கு என்னையே கொண்டு போய்க் கொடுக்கச் சொல்லி."

"பார்சல்ல போட்டியா? விண்ணப்பத்தைப் பார்சல்லயா போட்ட?"

"கம்பெனியில புதுசா ஒரு தினுசு வந்திருக்கு, காகிதம் அனுப்பறதுக்கு. ஸ்டாஃபு வீட்டுலேர்ந்து முதல்ல ஆரம்பிங்கன்னாங்க..."

"அவங்க ஆயிரம் சொல்லட்டும், உனக்கு எங்கடா போச்சு புத்தி? பேர் போட்ட கடுதாசி எதையும் தனியார் வண்டி தொடக்கூடாதுன்னு புதுசா வர்ற பசங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே நீதானே?"

"தெரியும்" என்றான். "அதான் உள்ளே என்ன இருக்குங்கற இடத்துல 'புத்தகம்'னு எழுதினேன். டவுனுக்குப் போய்ப் போட்டிருக்கலாம். எங்க போட்டாலும் அது அவரோட தபால்தானேன்னு ஒரு வீம்பு. என் சட்டைக்குன்னு ஒரு மரியாதை இருக்குன்னு என் பொண்ணுக்குக் காட்டணும்னு நினைச்சேன் அண்ணி. முட்டாள்தனம்தான்."

மினெகோவுக்கு அவனை அறையலாம் போலவும் இருந்தது, தலையைத் தடவிக் கொடுக்கலாம் போலவும் இருந்தது.

"கொடு இப்படி. நானே உள்ளே கொண்டு போறேன்."

"வேண்டாம்!" உறையை மார்போடு அணைத்துக்கொண்டான். "சீட்டைப் பாருங்க. அனுப்பினவன் இடத்துலயும் என் கையெழுத்து, வாங்கினவன் இடத்துலயும் என் கையெழுத்து. பிச்சா உறை கிழியும். வேற உறை கிடையாது, விண்ணப்பத்தோட ஒண்ணே ஒண்ணுதான் கொடுப்பாங்க. இதை அவர் பார்த்தா மேலிடத்துக்கு எழுதிப் போடுவார். வேலையும் போகும், கேஸும் வரும். டவுன் தபால் நிலையம் ஏழு மணி வரைக்கும் இருக்கு. அங்க யாருக்கும் என்னைத் தெரியாது. போய்ப் போட்டுடறேன்."

"அணைக்கிட்ட ரோடு வேலை நடக்குதே?"

"மணிக்குப் பத்து நிமிஷம் திறந்து விடறாங்க. மூணு மணி திறப்புல தாண்டிட்டா போதும். அயானோகிட்ட சொல்லிடாதீங்க அண்ணி, உங்க கையைப் பிடிச்சுக் கேக்கறேன்."

வேன் போய்விட்டது. மினெகோ நனைந்த தலையோடு திரும்பி வந்தபோது கியோதகா தொலைபேசியில் இருந்தார். அந்தப் பக்கம் பக்கத்துப் பள்ளத்தாக்கின் போஸ்ட்மாஸ்டர் கதாஒகா. அவர் பேசினால் ரிசீவர் தேவையில்லை, அடுப்படி வரை கேட்கும்.

"திங்கட்கிழமை நம்ம போஸ்ட்மாஸ்டர் கூட்டத்துக்கு வெறுங்கையோட போகக்கூடாது நிஷிமொரி-சான்! பார்சல்காரங்க சட்டத்தை மீறிக் கடுதாசி எடுத்துட்டுப் போறாங்கன்னு வாயால சொல்லி என்ன பிரயோஜனம்? ஒரே ஒரு ஆதாரம், ஒரே ஒரு சீட்டு கிடைச்சாலும் போதும், பத்திரிகைக்குக் கொடுத்துடலாம்!"

"பார்க்கலாம்" என்றார் கியோதகா.

நல்லவேளை அந்த உறையை உள்ளே கொண்டு வரவில்லை என்று மினெகோ நினைத்துக்கொண்டாள்.

அந்த நிம்மதி நாலு மணி வரைக்கும்கூட நிற்கவில்லை. மூன்றே முக்காலுக்கு ஊர் ஒலிபெருக்கி கரகரத்தது.

"நகசாக்கோ மக்களுக்கு அறிவிப்பு. அணை வளைவில் பாறை சரிந்ததால், பிற்பகல் இரண்டு ஐம்பது முதல் சாலை முழுவதும் மூடப்பட்டுள்ளது. நாளைக் காலை வரை எந்த வாகனமும் போக முடியாது."

இரண்டு ஐம்பது. மூன்று மணித் திறப்புக்குப் பத்து நிமிஷம் முன்னால்.

"இன்னைக்குத் தபால் வண்டி வராது" என்றார் கியோதகா. "பரவாயில்லை. பை இங்கேயே ராத்தங்கட்டும். முத்திரை இன்னைக்கு விழுந்திருந்தா போதும்."

முத்திரை இன்றைக்கு விழுந்திருந்தால் போதும்! மினெகோ ஷிகேகியின் செல்போனுக்கு மூன்று தடவை அடித்தாள். அணைப் பள்ளத்தில் சிக்னல் எங்கே கிடைக்கும்?

அந்த நேரம் பார்த்து அயானோ சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்தாள். கையில் ஒரு பொட்டலம் அவித்த கஷ்கொட்டை.

"அம்மா கொடுத்து விட்டாங்க பெரியம்மா. என்ன, முகமே சரியில்லையே? ஓட்டெடுப்பா?"

மினெகோவால் மறைக்க முடியவில்லை. அவளைச் சமையலறைக்கு இழுத்துப் போய், கதவைச் சாத்திவிட்டு, குசுகுசுவென்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அயானோ அழவில்லை. பொட்டலத்தை மேஜையில் வைத்தாள். முகம் மட்டும் சுண்ணாம்பாக வெளுத்துப் போனது.

"அப்பா இப்ப எங்க?"

"அணைக்கிட்ட நின்னுட்டு இருக்கணும். ஏழு கிலோமீட்டர்..."

"இறக்கம்தானே" என்றாள். அவ்வளவுதான். சைக்கிள் போய்விட்டது.

நாலரை. நாலு முப்பத்தைந்து. மழை வலுத்தது. மினெகோ ஜன்னலையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏங்க" என்றாள் மெதுவாக. "அஞ்சு மணிக்குக் கொஞ்சம் மேல யாராவது வந்தா?"

"யாரா இருந்தாலும் திங்கட்கிழமை."

"ரொம்ப அவசரம்னா?"

"ஒருத்தனுக்குத் திறந்தா ஊருக்கே திறக்கணும். கூடப்பிறந்தவனுக்கே திறக்காதவன் நான்." அவர் இதைப் பெருமையாகச் சொன்னாரா, வருத்தமாகச் சொன்னாரா என்று இருபத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்தவளுக்கே தெரியவில்லை.

நாலு ஐம்பதுக்கு மினெகோ துணிந்துவிட்டாள். நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரில் உட்கார்ந்து, ஒன்று விடாமல் சொன்னாள். பச்சைச் சீட்டைப் பற்றியும் சொன்னாள். மறைத்துச் சொல்ல அவளுக்கு வரவில்லை.

கியோதகா கேட்டுக்கொண்டே இருந்தார். மூக்கு விடைத்தது. "இருபது வருஷம் இங்க வேலை பார்த்தவன்" என்று மட்டும் சொன்னார்.

ஐந்து மணிக்கு ஒலிபெருக்கியில் தினமும் வரும் சாயங்கால ராகம் வந்தது. பிள்ளைகளை வீட்டுக்குக் கூப்பிடும் ராகம். கியோதகா எழுந்தார். முன் கதவைப் பூட்டினார். 'இன்றைய சேவை முடிந்தது' பலகையைத் திருப்பினார். திரையை இழுத்தார்.

"உங்களுக்கு நெஞ்சுல ஈரமே கிடையாதா?" என்று கேட்டாள் மினெகோ. "அது என்ன பாவம் பண்ணுச்சு? உங்க ரெண்டு பேர் வீம்புக்கு நடுவுல அந்தப் பொண்ணு மாட்டிக்கிட்டு..."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் தேதி முத்திரையைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டவில்லை. மேஜை விளக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். மினெகோ அதைக் கவனித்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

ஐந்து ஒன்பதுக்குக் கதவு தட்டப்பட்டது. தட்டல் இல்லை, இடி.

"அண்ணி! கதவைத் திறங்க அண்ணி!"

மினெகோ பாய்ந்தாள். கியோதகா கையை நீட்டித் தடுத்தார். சாவி அவரிடம்தான் இருந்தது. கதவுக்கு இந்தப் பக்கம் போய் நின்றார்.

"யாரைக் கூப்பிடறான்னு கேளு."

"ஏங்க, இது என்ன நேரம்..."

"கேளு."

மினெகோ கேட்க வேண்டியிருக்கவில்லை. வெளியே எல்லாம் கேட்டிருந்தது. கொஞ்ச நேரம் மழைச் சத்தம் மட்டும். அப்புறம் ஷிகேகியின் குரல் வந்தது.

"அண்ணா."

சாவி திரும்பியது.

இரண்டு பேரும் தெப்பலாக நனைந்திருந்தார்கள். அயானோவின் முழங்கால் சிராய்த்து ரத்தம் வழிந்தது. பிளாஸ்டிக் பையில் சுற்றிய உறையை வயிற்றோடு பிடித்துக்கொண்டிருந்தாள்.

"மணி என்ன?" என்றார் கியோதகா.

"அஞ்சு ஒம்பது" என்றான் ஷிகேகி.

"ஜூலையில?"

"அஞ்சு மூணு." தலை குனிந்தது. "அன்னைக்கு நீங்க செஞ்சது சரியில்லைன்னு இன்னைக்கும் சொல்லுவேன். ஆனா இது என்னோடது இல்ல அண்ணா. அவளோடது."

"நாலரைக்கே அப்பாவைப் புடிச்சுட்டேன் பெரியப்பா" என்றாள் அயானோ. மூச்சு வாங்கியது. "உங்க ஜன்னலுக்கு வரமாட்டேன், ரோடு திறந்துடுவாங்கன்னு அங்கேயே உக்காந்துட்டு இருந்தார். கெஞ்சிப் பார்த்தேன். உறையைப் புடுங்கிக்கிட்டு நானே சைக்கிளைத் தள்ளிக்கிட்டு ஏற ஆரம்பிச்சேன். அப்புறம்தான் வேனை எடுத்தார். திங்கட்கிழமைதான்னா இப்பவே சொல்லிடுங்க. நான் அழமாட்டேன்."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

கியோதகா உறையை வாங்கினார். விளக்கடியில் வைத்துப் பார்த்தார். பச்சைச் சீட்டை நகத்தால் தொட்டார்.

"மினெகோ, கெட்டிலை அடுப்புல வை."

தேநீர் குடிக்கிற நேரமா இது என்று மினெகோ ஒரு கணம் திகைத்தாள். பிறகு புரிந்தது. ஓடினாள்.

கெட்டில் கொதித்தது. கியோதகா சட்டைக் கையை மடித்துவிட்டு, உறையை ஆவிக்கு ஒரு சாண் மேலே பிடித்தார். அட்ரஸ் எழுத்து கரையாமல், பசை மட்டும் இளகும்படி, அங்குலம் அங்குலமாக நகர்த்தினார். காலையில் தேதி எண்ணை மாற்றிய அதே இடுக்கியால் சீட்டின் மூலையைத் தூக்கினார். நாலு பேரும் அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் அவசரப்பட்டாலும் உறை கிழியும். அது மெதுவாக, மெதுவாக உரிந்து, முழுசாகக் கையோடு வந்தது. உறையில் ஒரு கீறல் இல்லை.

அப்புறம் எல்லாம் முறைப்படி நடந்தது. எடை போட்டார். கட்டணம் சொன்னார். அயானோ ஈரமான பர்ஸிலிருந்து நோட்டை எடுத்துக் கொடுத்தாள், பாக்கிச் சில்லறையை எண்ணிக் கொடுத்தார். பதிவேட்டில் எழுதினார். மினெகோ எட்டிப் பார்த்தாள். 'மாலை 5.26. நேரம் கடந்து ஏற்கப்பட்டது. பொறுப்பு: நிலைய அதிகாரி நிஷிமொரி கியோதகா.'

"நேரத்தை எழுதணுமா?" என்றாள் பதறி. "யாராவது கேட்டா?"

"கேட்டா சொல்றேன். தேதி பொய்யில்ல. இன்னைக்குப் பதினாலுதான். இந்த ஜன்னல் இன்னும் ரெண்டு வருஷம் என் ஜன்னல்."

முத்திரையை எடுத்து, மையில் ஒற்றி, ஓங்கி அழுத்தினார். டொக்கென்று ஒரு சத்தம். வட்டத்துக்குள் பதினாலு.

அயானோ இடுப்பை வளைத்து வணங்கினாள். நிமிரவே இல்லை, தோள் மட்டும் குலுங்கியது. மினெகோ அவளைக் கட்டிக்கொண்டு, "போதும்டி, போதும், முழங்காலைக் காட்டு" என்று அழுகையும் சிரிப்புமாகச் சொன்னாள். அந்தக் குடும்பத்தில் அப்படி ஒரு நிமிஷம் வந்து வெகு நாளாயிற்று.

ஷிகேகிதான் சிரிக்கவில்லை. அவன் அண்ணன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கியோதகா அந்தப் பச்சைச் சீட்டைக் கிழிக்கவில்லை. குப்பைக் கூடையில் போடவில்லை. ஒற்றுக் காகிதத்தில் வைத்து ஈரத்தை எடுத்தார். இரண்டு கையெழுத்தும் உள்ளே போகும்படி ஒழுங்காக ஒரு மடி மடித்தார். தன் வெள்ளைச் சட்டையின் இடது பையில் வைத்துப் பித்தானைப் போட்டார்.

"அண்ணா, அது..."

"பொண்ணை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ. சளி பிடிச்சுக்கும்."

"அதை என்ன பண்ணப் போறீங்க?"

கியோதகா பலகையை ஒருமுறை சரிபார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார். ஷிகேகி கொஞ்ச நேரம் மழையில் நின்றிருந்தான். அப்புறம் வேன் கிளம்பும் சத்தம் கேட்டது.

ராத்திரிச் சாப்பாட்டில் சுட்ட சன்மா மீனும் அயானோ கொண்டு வந்த கஷ்கொட்டையும் இருந்தன. கியோதகா காலையில் விட்ட பசிக்கும் சேர்த்துச் சாப்பிட்டார். கதாஒகாவிடமிருந்து இரண்டு தடவை போன் வந்தது. எடுக்கவில்லை. மினெகோ கேட்க நினைத்தாள், வாய் வரவில்லை. நாளைக்குச் சனிக்கிழமை, துணி துவைக்கிற நாள். சட்டைப் பையைப் பார்க்காமல் தண்ணீரில் போட்டுவிட்டால் காகிதம் கூழாகிவிடும். மறந்துட்டேன் என்று சொல்லிவிடலாம். எத்தனை தடவை ரசீதுகளை அப்படித் துவைத்திருக்கிறாள், திட்டும் வாங்கியிருக்கிறாள். அந்த எண்ணம் வந்ததுமே அவளுக்குப் பாதி பாரம் இறங்கியது.

கியோதகா தட்டை நகர்த்திவிட்டு எழுந்தார். வாசற்படி வரை போனவர் நின்றார்.

"மினெகோ."

"என்னங்க?"

"இந்தச் சட்டையை நாளைக்குத் துவைக்கப் போடாதே."